பெண் பார்க்கப் போன இருபத்தைந்து புறாக்கள்

ஆசிரியர் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாம் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தாலும் பள்ளிக்கூடம் நம்மை விடாது. கல்யாணப் பந்தியில் வரிசை கோணலாக இருந்தால் எழுந்துபோய்ச் சரிசெய்யத் தோன்றும். பஸ்ஸில் பின்சீட்டில் யாராவது பேசினால் திரும்பி முறைக்கத் தோன்றும். நான் கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு அந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி. அதை நம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை இருபத்தைந்து பந்தயப் புறாக்களுக்குப் பாடம் நடத்தப் போனேன். எட்டு வருஷம் ஆகிறது. இப்போதுதான் அதை எழுதும் அளவுக்கு முகத்தில் சூடு தணிந்திருக்கிறது.

புறாக்கள் என்னுடையவை அல்ல. என் வீட்டுக்காரர் சேகருடையவை. கல்யாணமான புதிதில் காலை ஐந்து மணிக்குக் கண் விழித்தால் பக்கத்தில் ஆள் இருக்காது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் மரச்சட்டமும் கம்பி வலையும் வைத்து அவரே கட்டிய கூண்டுக்குள் உட்கார்ந்து, "இன்னாடா செல்லம், ராத்திரி தூங்குனியா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். (என்னை அவர் அப்படிக் கேட்டதாக ஞாபகம் இல்லை.) ஒரு வருஷத்தில் எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது.

சேகர் வெல்டர். அந்த வருஷம் பிப்ரவரியில் நான்கு மாத வேலையாகக் கத்தாருக்குப் போக வேண்டி வந்தது. கடலூர் செம்மண்டலத்து மாடியில் அப்போது இரண்டு வெவ்வேறு வயதுக் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருந்தன. நவம்பரில் பொரித்தவை பன்னிரண்டு. டிசம்பர் கடைசியில் பொரித்தவை எட்டு. அவர் விமானம் ஏறிய பிறகு இன்னும் ஐந்து பொரித்தன. பெரியவற்றுக்குக் காலில் சிவப்பு வளையம், நடுவில் உள்ளவற்றுக்குப் பச்சை, கடைசி ஐந்துக்கு நீலம். ஒவ்வொரு வளையத்திலும் சேகரின் கைப்பேசி எண் இருக்கும். புறா வழி தவறி எங்கேயாவது இறங்கினால், எடுத்தவர் கூப்பிடட்டும் என்று.

கிளம்புவதற்கு முன் அவர் எனக்குச் சொன்னது ஒரே பாடம்தான்.

"மீனா, முட்டையில இருக்கறதையும் சேத்தா மூணும் மூணு வயசு. ஒண்ணா மட்டும் வுட்டுடாத. பெருசுங்க ஒரு மணி நேரம் ஜம்முனு பறக்கும். சின்னதுங்க பின்னாலயே போயி, மூச்சு முட்டி, எங்கனா எறங்கிடும். தனித்தனியா பழக்கு."

"சரிங்க."

"தலையாட்டாத. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பையன்கள் எனக்குத் திருப்பிச் சொல்வது போலவே, ஒரு எழுத்து பிசகாமல், ஒரு எழுத்தும் மண்டையில் ஏறாமல் சொன்னேன்.

இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. காலையில் பறக்கவிட்டு, பிறகு டப்பாவில் கம்பு தானியத்தைப் போட்டு ஆட்டி, விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டு வாங்கிய விசிலை ஊதுவேன். தீனிக்கு இறங்கும். உள்ளே மட்டும் திறக்கும் கம்பிக் கதவை முட்டிக்கொண்டு கூண்டுக்குள் போகும். சிவப்பு வளையப் பன்னிரண்டையும் கூடையில் வைத்து ஸ்கூட்டரில் கட்டி முதலில் ஆலப்பாக்கம் வரை கொண்டுபோய் விட்டேன். நான் வீடு திரும்புவதற்குள் எல்லாம் வந்து மாடியில் உட்கார்ந்திருந்தன. அடுத்த வாரம் புதுச்சத்திரம். அதிலும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. பச்சை எட்டையும் ஒருமுறை ஆலப்பாக்கத்தில் விட்டேன், அவையும் வந்தன. நீலங்கள் ஐந்தும் மாடியை விட்டு நகர்ந்ததே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் கூண்டுக்கும் நடுவில் பறந்து காட்டும், அவ்வளவுதான்.

அந்த ஆலப்பாக்கமும் புதுச்சத்திரமும் என் தலைக்கு ஏறின. சேகரின் பழைய புறா நண்பர்களுக்கு நானே போன் செய்து யோசனை சொல்லும் அளவுக்கு ஏறின.

ஏப்ரலில் என் கொழுந்தன் தினேஷுக்குச் சிதம்பரத்தில் ஒரு வரன் அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள். தினேஷின் காரில் அவன், என் மாமியார், நான், மூன்று பேரும் போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் கம்பு போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது: ஸ்கூட்டரில் சிதம்பரம் வரை கூடையைக் கட்டிக்கொண்டு போக முடியாது. காரோ சும்மா போகிறது.

சிவப்பை மட்டும் எடுத்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் லீவு போட்டால் இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்காரவைப்போம். நன்றாகப் படிக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் படிக்காத பெண்ணை உட்காரவைத்தால், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும். புறாவுக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது? சிவப்பு வழிகாட்டும், பச்சை பின்தொடரும், நீலம் கற்றுக்கொள்ளும். ஆறு வாரத்து வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். சேகரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

காலையில் இரண்டு கூடைகளைக் காரின் டிக்கியில் வைத்தபோது மாமியார் பட்டுப்புடவையோடு வாசலில் நின்றார்.

"ஏ மீனா, பொண்ணு பாக்கப் போறமா, சந்தைக்குப் போறமா?"

"வழியில வுட்டுட்டுப் போயிடலாம் அத்தை. அஞ்சு நிமிஷ வேலை."

"பொண்ணு வீட்டாளுங்க கார் கதவத் தொறந்ததும் இந்த நாத்தம் அடிச்சா இன்னா நெனப்பாங்க?"

"அண்ணி, என் சட்டையில மட்டும் எதுனா பட்டுச்சு…" என்று ஆரம்பித்த தினேஷ் முழுசாக முடிக்கவில்லை. வெள்ளைச் சட்டை, வெளிர் நிறப் பேன்ட், புதுச் செருப்பு. பாவம், அன்றைக்கு அவன்தான் மாப்பிள்ளை.

சிதம்பரத்துக்குக் கொஞ்சம் முன்னால், புறவழிச்சாலை ஓரத்தில், அறுவடை முடிந்த ஒரு வயலருகே காரை நிறுத்தச் சொன்னேன். மணி எட்டே முக்கால் இருக்கும். கூடை மூடியைத் திறந்தேன். இருபத்தைந்தும் ஒரே வீச்சில் மேலே எழும்பின. அந்தச் சிறகுச் சத்தத்தைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிவப்புகள் இரண்டு வட்டம் அடித்து வடக்கே கடலூர்ப் பக்கம் திரும்பின. பச்சைகள் பின்னால் நூல் பிடித்த மாதிரி நீண்டன.

"அண்ணி," என்றான் தினேஷ். "அஞ்சு மட்டும் எதிர்ப் பக்கம் போவுது."

"ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்பிடும்."

"சுத்தலியே. நேரா இல்ல போவுது."

நீலங்கள் ஐந்தும் தெற்கே, சிதம்பரம் ஊருக்குள், கோயில் கோபுரங்கள் தெரிந்த திசையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து தண்ணீர்த் தொட்டியை மட்டுமே பார்த்த குஞ்சுகள். உயரமாக ஒன்று தெரிந்ததும் அதுதான் வீடு என்று நினைத்திருக்க வேண்டும்.

"வந்துடும்," என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை.

பெண் வீட்டுக்குப் பூவும் பழமும் வாங்கக் கீழ வீதியில் கார் நின்றது. மாமியார் பூக்கடைக்குப் போனார். நான் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். கோபுரம் முழுக்கப் புறா. பொம்மைகளின் தலையில், தோளில், மடியில், எங்கே பார்த்தாலும் புறா. அதில் என் ஐந்தை எங்கே போய்த் தேடுவது? அப்போது எதிரே ஒரு பாத்திரக்கடையின் சன்ஷேடில் நீல வளையம் போட்ட கால் ஒன்று தெரிந்தது.

கைப்பையில் டப்பா இருந்தது. விசிலும் இருந்தது. அடுத்து நான் செய்ததை எந்தக் கணக்கு டீச்சரும் செய்யக்கூடாது. கூட்டல் கணக்கே தெரியாதவள் போல, ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழ வீதி நடுவில், பட்டுப்புடவையோடு நின்று கம்பு டப்பாவை ஆட்டி விசில் ஊதினேன்.

நீலம் இறங்கியது. கூடவே கோபுரமும் இறங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். இருநூறாவது இருக்கும். என்னைச் சுற்றித் தெருவே சாம்பல் நிறமாகிவிட்டது. ஆட்டோக்கள் நின்றன. சுற்றுலா வந்த வெளியூர்க்காரர்கள் கைப்பேசியை நீட்டினார்கள். "வேண்டுதலா?" என்று ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரைக் கேட்டது என் காதில் விழுந்தது.

அந்தக் கூட்டத்தின் அந்தப் பக்கம், வெள்ளை வேட்டி கட்டிய ஒல்லியான ஒரு பெரியவர் கையில் பையோடு கடந்துபோகப் பார்த்தார். என் நீலம் அவர் காலடியில் நின்றது.

"சார், நில்லுங்க!" என்றேன். வகுப்பில் பயன்படுத்துகிற குரல் அது. அவர் நின்றுவிட்டார்.

"அசையாதீங்க. உங்க பின்னாடி நிக்குது. ரெண்டு கையையும் விரிங்க. இன்னும் விரிங்க சார். முட்டிய மடக்கி மெதுவா குனிங்க."

ஒரு மறுப்பும் இல்லாமல் அவர் கையை விரித்துக் குனிந்தார். குனிந்ததில் பை சரிந்தது. உள்ளேயிருந்த பொட்டலம் விழுந்து பிரிந்து, ஒரு கிலோ மிக்சர் தெருவில் கொட்டியது. இருநூறு புறாவும் கம்பை விட்டுவிட்டு மிக்சருக்குப் பாய்ந்தன.

"ஐயோ, வீட்டுக்கு விருந்தாளி வராங்கம்மா!"

"விருந்தாளிக்கு வேற வாங்கிக்கலாம் சார். இது உயிரு!" என்று அவரை அதட்டிவிட்டு நீலத்தின் மேல் பாய்ந்தேன். அது என் விரலில் ஒரு இறகை மட்டும் கொடுத்துவிட்டுப் பறந்துபோனது. பெரியவர் என்னை ஒருமுறை பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

பூவோடு வந்த மாமியார் கேட்டார்: "யாருடி அது? இன்னாத்துக்கு அப்படி ஓடுறாரு?"

"வழி கேட்டாரு அத்தை."

பெண் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. தினேஷ் அழைப்பு மணியை அழுத்தினான். கதவைத் திறந்தவர் அந்த வெள்ளை வேட்டிப் பெரியவர்.

பெண்ணின் அப்பா.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஒரு அடி பின்வாங்கினார். பிறகு மரியாதை தெரிந்த மனிதர் என்பதால், "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றார். என்னிடம் மட்டும் கூடுதலாக ஒரு "வாங்கம்மா" சொன்னார். அதில் பயம் கலந்திருந்தது.

எல்லோரும் உட்கார்ந்தோம். பெண் கயல்விழி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் நின்றாள். கேசரி இருந்தது, பஜ்ஜி இருந்தது. அவள் அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

"மிக்சர் வாங்கியாரச் சொன்னேங்க. வெறுங்கையோட வந்து நிக்கிறாரு. கேட்டா, நடுத்தெருவுல ஒரு பொம்பள விசில் ஊதிக் கைய விரிக்கச் சொன்னாளாம், புறா மொத்தத்தையும் தின்னுடுச்சாம். அம்பத்தெட்டு வயசுல பொய் சொல்லக் கத்துக்கிட்டிருக்காரு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் மாமியார் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லி அந்த நிமிடமே அவர் தப்பித்திருக்கலாம். வந்த விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

"பொய் இல்லீங்க," என்றேன். "அது நான்தான்."

மாமியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, வயல், ஐந்து நீலம், கோபுரம், விசில், மிக்சர். தினேஷ் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தான், அந்தப் பக்கமாகக் குதித்துவிடலாமா என்று யோசிப்பவன் போல.

சொல்லி முடிக்கவும் என் கைப்பேசி அடிக்கவும் சரியாக இருந்தது. சேகர், கத்தாரிலிருந்து வீடியோ காலில். தம்பிக்குப் பார்க்கிற பெண்ணைத் தானும் பார்க்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். எடுத்தேன். எல்லோருக்கும் வணக்கம் சொன்னார், கயலிடம் படிப்பை விசாரித்தார். பிறகு வழக்கம்போல, "மீனா, புள்ளைங்க எப்படி இருக்கு?" என்றார். புறாக்களைத்தான்.

அறையில் இருந்த ஐந்து பேருக்கும் உண்மை தெரியும். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான், இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் உண்மை பேசி நல்ல பெயர் வாங்கியவள், கண்ணை இமைக்காமல் சொன்னேன்: "நல்லா இருக்குங்க. எல்லாம் கூண்டுக்குள்ளதான் இருக்கு."

"இரு, வாட்ஸப்புல யாரோ போட்டோ அனுப்பியிருக்காங்க," என்றார் சேகர். அவர் கண் திரையில் வேறெங்கோ போனது. "புதுச்சத்திரம் டீக்கடையாம். 'சார், உங்க புறா பெஞ்சு மேல உக்காந்திருக்கு, பொட்டுக்கடல போட்டிருக்கோம்'னு எழுதியிருக்காரு. பச்சை வளையம்." அவர் கண் திரும்பி என் மேல் வந்தது. "மீனா?"

நான் கேசரித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எத்தினி எடுத்துட்டுப் போன?"

"இருபத்தஞ்சு."

"சின்னதயுமா?"

"ம்."

"அதுங்க நம்ம தெருவையே இன்னும் பாத்ததில்லியேடி."

அவர் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அந்தக் குரலில் கோபமே இல்லை, வலிதான் இருந்தது. முட்டையிலிருந்து நான் பார்த்து வளர்த்த ஐந்தும் ஏதோ ஒரு கோபுரத்து இடுக்கில் தண்ணீர் எங்கே என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. பெண் பார்க்க வந்த வீட்டில், மாப்பிள்ளையின் அண்ணி, கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதேன்.

கயல் அப்போதுதான் முதன்முதலாக வாய் திறந்தாள்.

"அக்கா, அழுவாதீங்க. வெயில் ஏறுனா கோயில் புறாங்க எங்க மாடிக்குத்தான் தண்ணி குடிக்க வரும். அப்பா தெனம் தொட்டியில ஊத்தி வெப்பாரு. உங்க குஞ்சுங்களும் கூட வந்தாலும் வரும்."

"வரும்மா," என்றார் அவள் அப்பா, "கைய விரிச்சிக்கிட்டு நிக்கணுமா?"

மொத்தக் குடும்பமும் மாடி ஏறியது. மாமியார் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். ஒரு போர்வை, என் கம்பு டப்பா, இவ்வளவுதான் ஆயுதம். கயல் எல்லோரையும் இடம் பிரித்து உட்காரவைத்தாள். (டீச்சர் நானா அவளா என்று எனக்கே சந்தேகம் வந்தது.) தினேஷைப் பார்த்து, "நீங்க அந்த மூலையில மண்டி போட்டு உக்காருங்க. அசையக் கூடாது," என்றாள்.

வெளிர் நிறப் பேன்ட்டோடு, கொதிக்கிற தரையில், அவன் மண்டியிட்டான். போர்வையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். முக்கால் மணி நேரம். மற்ற வீடுகளில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனியாகப் பேசச் சொல்வார்கள். இவர்கள் பேசியது முழுவதையும் நான் கேட்டேன்.

"முட்டி சுடுதா?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாதீங்க."

"சுடுதுங்க."

"கொஞ்ச நேரம்தான்."

"சரிங்க."

பதினொன்றரை மணிக்குக் கோயில் புறாக்கள் கூட்டமாக இறங்கின. நடுவில், தொட்டியை எப்படி எட்டுவது என்றுகூடத் தெரியாமல், மூன்று நீல வளையங்கள் தள்ளாடின. டப்பாவை மெதுவாக ஆட்டினேன். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. அடையாளம் தெரிந்துவிட்டது. மூன்றும் குடுகுடுவென்று என்னை நோக்கி ஓடிவந்தன. "இப்ப!" என்றாள் கயல். போர்வை விழுந்தது. தினேஷும் விழுந்தான். இரண்டு புறாக்கள் மாட்டின. ஒன்று அவன் தலையில் கால் வைத்து எம்பித் தண்ணீர் டேங்க் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீர் காட்டினேன். அலகை முழுவதும் முக்கி மடக்மடக்கென்று குடித்தன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் தாகம் என்பதே தெரிந்தது.

பன்னிரண்டேகாலுக்கு எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். ஞாயிறு பூசைக்குப் போய் அப்போதுதான் திரும்பியிருக்கிறார்.

"மீனா, எங்க போயிட்ட? உங்க மாடி பூரா புறாவா உக்காந்திருக்கு. எனக்குத்தான் மனசு கேக்காதே, எண்ணிப் பாத்தேன். சிவப்பு பன்னெண்டு. பச்சை அஞ்சு."

"இன்னொரு தடவ எண்ணுங்கக்கா."

"ரெண்டு தடவ எண்ணிட்டேன்டி. பதினேழு."

மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் கயலின் அம்மா கையிலிருந்த பஜ்ஜியை வாங்கி அவரையே கேட்காமல் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் புதுச்சத்திரம் டீக்கடையில் பச்சை ஒன்று பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் காத்திருந்தது. பெட்டியில் மூச்சுவிட ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தார் கடைக்காரர். வயிறு புடைக்கப் பொட்டுக்கடலை தின்றுவிட்டு அது தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் சிதம்பரத்திலிருந்து அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேதான் பேசினார்.

"டேய், பொண்ணு புடிச்சிருக்கா?"

"எனக்குப் புடிச்சிருக்கும்மா," என்றான் தினேஷ். "அவுங்களுக்கு நம்மளப் புடிக்கணுமே." இரண்டு முட்டியிலும் வட்ட வட்டமாக அழுக்கு. முதுகில் ஒரு புறா எச்சம். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் சேகருக்குப் போன் செய்து வருகைப் பதிவேடு வாசித்தேன். சிவப்பு பன்னிரண்டும் ஆஜர். பச்சையில் ஆறு, நீலத்தில் இரண்டு. மீதி ஐந்து தெரியவில்லை. கீழ வீதிக் கூத்தையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நீ சாப்ட்டியா?" என்றார் கடைசியில்.

"இல்லீங்க."

"சாப்டு. மொத வருஷம் நான் ஒரே நாள்ல பதினாறு குஞ்ச வுட்டேன். ஒண்ணுகூட வரல. யார்கிட்டயும் சொன்னதில்ல, உன்கிட்டதான் சொல்றேன்." பிறகு ஒரு இருமல் மாதிரி ஏதோ கேட்டது. இருமல் இல்லை. "நெசமாவே அவரக் கைய விரிச்சிக்கிட்டு நிக்க வெச்சியா?" அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. வெளிநாட்டு அழைப்பில் ஒரு மனிதர் பத்து நிமிடம் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு பச்சை வால் இறகுகள் பாதி இல்லாமல் வந்து சேர்ந்தது. வல்லூறு துரத்தியிருக்க வேண்டும். இன்னொரு பச்சை வரவே இல்லை. சாம்பலில் வெள்ளைப் பொட்டு வைத்த பெட்டை அது. ஒரு மாதம் தினமும் வானத்தைப் பார்த்தேன்.

அந்த வாரம் முழுவதும் சிதம்பரத்திலிருந்து தகவல் இல்லை. என்னால்தான் சம்பந்தம் முறிந்தது என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. மாமியார் திட்டினால் பரவாயில்லை, திட்டாமல் இட்லி வைத்தார். சனிக்கிழமை மதியம் வாசலில் ஒரு ஒல்லியான வெள்ளை வேட்டி. கையில் மூங்கில் கூடை. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"ரெண்டு மாட்டுச்சும்மா," என்றார் கயலின் அப்பா. "ஒண்ணு மட்டும் கைக்குச் சிக்க மாட்டேங்குது."

கூடையை வாங்கி நீலங்களை எடுத்து முத்தம் கொடுத்துவிட்டுத்தான் அவரை உட்காரச் சொன்னேன். மாமியார் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பொண்ணு விஷயமா இன்னா முடிவு பண்ணீங்க?"

"அதச் சொல்லத்தாங்க வந்தேன். எங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம்." என்னைப் பார்த்தார். "முப்பது வருஷத்துல நான் சொன்னது நெசம்னு என் வீட்டுக்காரம்மா முன்னாடி ஒரு ஆள் சாட்சி சொன்னது அன்னிக்குத்தாம்மா. அந்த வீட்டுக்குப் பொண்ணக் குடுக்காம வேற எந்த வீட்டுக்குக் குடுப்பேன்?"

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று இரவு என் தட்டில் எனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுவல் இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது.

ஐந்தாவது நீலத்தைப் பற்றி வாரா வாரம் கேட்டேன். "சிக்க மாட்டேங்குதும்மா," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஜூனில் சேகர் ஊர் திரும்பினார். நிச்சயதார்த்தத்துக்குச் சிதம்பரம் போனபோது, அந்தப் புறாவை நானே பிடித்துக்கொள்கிறேன் என்று அவர் மாடி ஏறினார், நானும் பின்னாலேயே போனேன். அங்கே கயலின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் தோளில், கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, நீல வளையம். கையில் ஊறவைத்த பட்டாணி. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

சேகர் அந்தப் புறாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இருக்கட்டும் மாமா," என்றார். "இனிமே கொண்டுபோனாலும் இங்கதான் திரும்பி வரும்."

அந்த வருஷம் தலை தீபாவளிக்குத் தினேஷும் கயலும் சிதம்பரம் போயிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, தினேஷ் கூடத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறான். சமையலறையிலிருந்து அவன் மாமியாரின் குரல் கேட்டிருக்கிறது: "ஏங்க, மாப்பிள்ளைக்கு எதுனா குடுத்தீங்களா? பசிக்கும் பாருங்க."

"இதோ," என்று மாமனார் எழுந்திருக்கிறார். தினேஷ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். மாமனார் அவனைத் தாண்டிப் போய், அலமாரியிலிருந்து கம்பு டப்பாவை எடுத்து ஆட்டிக்கொண்டே மாடி ஏறிவிட்டாராம்.

அந்த வீட்டில் இன்றைக்கும் அந்த நீல வளையப் புறாவுக்குப் பெயர் 'வீட்டோட மாப்பிள்ளை.' தினேஷ் இரண்டாவது.